மாவில் வரைந்த வண்டி

எங்கள் தாழையம்பட்டு ஜங்ஷனில் மேடைமேல் நிற்கும் டாங்கியின் கருவிப்பெட்டி, யாரும் தொடாமலே, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிய அன்றைக்கு ஆற்காட்டு பஸ் வழக்கம்போலத் தாமதமாக வந்தது, டீக்கடை முனிரத்தினம் வழக்கம்போலப் பாலில் தண்ணீரைக் கலந்தார், பெட்டி இடம் மாறியதற்கு முதலில் குறை சொன்னதும் மனிதர்கள் இல்லை, பெட்டிக்கு அடியில் குட்டி போட்டிருந்த பூனைதான். பூனை கத்துவதைக் கேட்டுப் போய்ப் பார்த்தவர்கள், பெட்டி மறுபக்கம் போயிருப்பதைக் கண்டு, குட்டிகளையும் தூக்கி மறுபக்கத்தில் விட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவார். யாருமே போகாத வீட்டில் பெண் கொடுக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதனால், ஓடிக் களைத்த ஒரு டாங்கியைச் சர்க்கார் எங்களுக்கு நினைவுச்சின்னமாகக் கொடுத்தபோது அதை நாங்கள் சும்மா நிற்க விடவில்லை. லீவில் வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ட்ரங்குப்பெட்டியை அதன் சக்கரச் சங்கிலியோரம் வைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான், திரும்பிப் போகிறவன் அசையவே அசையாத அந்தச் சக்கரத்தின் கீழ் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவான், புதுப்பெண்கள் அதைச் சுற்றி வருவார்கள், ஆயுதபூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரிகடலை எல்லாம் உண்டு. மேடையில் பதித்த கல்லில் ஊர் பறிகொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன, அவற்றுக்கெல்லாம் மேலே பெரிய எழுத்தில் 'நாயக் தணிகாசலம், பீரங்கி முழங்க வீரமரணம்' என்று இருந்தது, ஏனென்றால் இறந்தவர்களில் டாங்கிப் படையோடு போனவர் அவர் ஒருவர்தான். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ரிசால்தார் கனகசபை. அவரும் அதே படையில் அதே போரில் இருந்தவர், தணிகாசலத்தின் ட்ரங்குப்பெட்டியை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், இப்போது முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர், ஆகவே அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

டாங்கியின் கருவிப்பெட்டி ஏன் மாறியது என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. பல்செட் கட்டித் தருகிற கஜபதி தானாகவே வந்து, கையைப் பிசைந்துகொண்டு, தப்பு தன்னுடையது என்று சொன்னார்.

கஜபதி சுற்றுப்பட்டு மூன்று ஊர்ப் பல் டாக்டர்களுக்கும் செட்டு செய்து கொடுப்பவர். நினைவு நாளுக்கு ஒரு பிரிகேடியர் வருவதாக இருந்தது, அவருக்கு நினைவுப்பரிசாக எங்கள் டாங்கியையே பொம்மையாகக் கொடுத்தால் என்ன என்று சங்கத்தில் யாருக்கோ தோன்றியது, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் கிட் ஒன்றைக் கூரியரில் வரவழைத்து, ஊரில் நுணுக்கமாக வேலை செய்கிற கை கஜபதியுடையது என்பதால் அவரிடம் கொடுத்தார்கள். அங்கேதான் வினை. கிட்டின் அட்டைப்படத்தில் கம்பீரமாக இருந்த வண்டி, உள்ளே துண்டுதுண்டாக இருந்தபோது தப்பும் தவறுமாக இருந்தது. நிஜ டாங்கியில் முதல் சக்கரத்துக்கும் இரண்டாம் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை போகிற அளவு கூடுதல் இடைவெளி உண்டு, கிட்டில் எல்லாச் சக்கரமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக ஒரே இடைவெளியில் நின்றன. மேலே சுற்றுகிற மண்டை உயரம், பீரங்கிக் குழல் குட்டை, பின்பக்கம் ஓர் அரிசி நீளத்துக்குக் குறைவு. வேறு யாராவது என்றால் படத்தைப் பார்த்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். கஜபதியோ, கடைவாய்ப் பல்லில் தலைமுடி கனத்துக்கு மேடு இருந்தால் கிழவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்த மனிதர், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போய் டாங்கியைத் தலைமுதல் கால்வரை அளந்தார், சக்கரத்தை அறுத்து நகர்த்தினார், மண்டையைத் தேய்த்தார், குறைந்த இடத்தில் பல்லுக்குப் போடும் அக்ரிலிக்கை வைத்து நிரப்பினார்.

ஆனால் பல் வேலை செய்கிறவர்கள் எப்போதும் அச்சிலிருந்து வேலை செய்கிறவர்கள். வாயிலிருந்து எடுத்த அச்சில் வலது இடதாக இருக்கும், இடது வலதாக இருக்கும், வாழ்நாளெல்லாம் அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகிய கை, டாங்கியின் வலப்பக்கக் கருவிப்பெட்டியைப் பொம்மையில் தன்னையறியாமல் இடப்பக்கம் ஒட்டிவிட்டது. பசை காய்ந்தது. காய்ந்ததும் ஜங்ஷனிலும் பெட்டி மாறியது. தப்பை உணர்ந்து அவர் பிளேடால் பெட்டியைப் பெயர்த்து வலப்பக்கம் ஒட்டினார், அது காய்ந்ததும் ஜங்ஷனிலும் வலப்பக்கம் வந்தது, பூனைக்குட்டிகளை மறுபடி தூக்கி வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் நடந்தது.

காரணம் கேட்டு யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. பொன்னியம்மன் கோயில் பூசாரி அம்மன் விளையாட்டு என்றார், ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் வெயில் என்றார், இரண்டையும் ஊர் சரி என்று ஏற்றுக்கொண்டது. மேற்கொண்டு எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இதனால் யாருக்கு என்ன லாபம்?

முனிரத்தினம்தான் முதலில் போனார். தன் பெஞ்சுக்கு நிழல் விழும்படி சங்கிலிமேல் இருக்கும் தகரத்தை ஒரு விரற்கடை நீட்டித் தரும்படி கேட்டார். கஜபதி மாட்டேன் என்றுவிட்டார், இருப்பதைச் சரிசெய்வதுதான் தன் வேலை, இல்லாததைச் சேர்ப்பது தப்பு என்றார். இளைஞர் மன்றத்துப் பையன்கள் மேலே ஒரு எந்திரத் துப்பாக்கி வேண்டும் என்றார்கள், அதற்கும் மாட்டேன் என்றார். ஒரு தாய் தன் மகன் பட்டாளத்துத் தேர்வில் உயரம் பற்றாமல் திரும்பி வந்துவிட்டான், அவனைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டாள், அவனுக்குக் கிட் வரவில்லையே அம்மா என்று கஜபதி வருத்தப்பட்டார். குழல் விஷயத்தில் மட்டும் அவர் இறங்கிவந்தார், மண்டை சுற்றக்கூடியதுதானே, எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்பில்லை. டாங்கி வந்த நாளிலிருந்து குழல் மேலத்தெருவைப் பார்த்து நின்றது, மேலத்தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும், எந்தப் பிள்ளை கணக்கில் பெயிலானாலும் குழலைத்தான் சொன்னார்கள். கஜபதி பொம்மையின் மண்டையைக் கீழத்தெருப் பக்கம் திருப்பினார், கீழத்தெருவில் இருமல் தொடங்கியது. வாரத்துக்கு ஒரு தெரு என்று பேசி முடிவாயிற்று, அந்த முறை நன்றாகத்தான் போனது, புதுக்காலனிக்காரர்கள் எங்கள் முறை எப்போது என்று கேட்கும்வரை. கடைசியில் குழலைப் பாலாற்றுப் பக்கம் திருப்பிவைத்தார்கள். அங்கே மணல் லாரிகள்தான் போகின்றன, அவற்றுக்கு என்ன ஆனாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை.

இனிச் சங்கத்தின் அனுமதி இல்லாமல் ஒரு திருகாணிகூட நகரக்கூடாது என்று ரிசால்தார் கனகசபை சொல்லிவிட்டார். நினைவு நாளன்று பொம்மை பிரிகேடியரின் கைக்குப் போகும், அவரோடு டில்லிக்குப் போய் ஒரு கண்ணாடிப்பெட்டிக்குள் உட்காரும், அதற்குப் பிறகு அதை யாரும் தொட முடியாது, ஆகவே ஊரைவிட்டுப் போகிற அன்று பொம்மை எப்படி இருக்கிறதோ அப்படியேதான் எங்கள் டாங்கி என்றென்றைக்கும் இருக்கும். இது எல்லோருக்கும் புரிந்தது. நன்றாகப் புரிந்தது ஒரே ஒருத்திக்கு.

தணிகாசலத்தின் மனைவி சுலோசனா மாவு மில் நடத்துகிறார். கல்யாணமாகி ஒரே ஒரு லீவுக் காலம் புருஷனோடு வாழ்ந்தவர், பிள்ளை இல்லை, மறுபடி கட்டிக்கொள் என்று சொன்னவர்களைக் கம்பு அரைக்க வந்தாயா கேழ்வரகு அரைக்க வந்தாயா என்று கேட்டு அனுப்பியவர். மில் இரைச்சலில் பேசிப் பேசி அவருக்கு ரகசியக் குரல் என்ற ஒன்று இல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு நினைவு நாளிலும் அவரை ஜங்ஷனுக்கு அழைத்துவந்து குழலுக்கு மாலை போடச் சொல்வார்கள், அவர் மாலையை வாங்கி மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார், குழலைத் தொடமாட்டார். திமிர் பிடித்தவள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். முதல் வருஷமே அவர் சொல்லிப் பார்த்தார், எங்க வீட்டுக்காரர் வண்டியில பீரங்கி கிடையாது என்று. போர்ல கடைசி நேரத்துல ஆளை மாத்தி ஏத்துவாங்கம்மா, உனக்கு அதெல்லாம் தெரியாது என்றார் ரிசால்தார். போரைப் பார்த்தவர் சொல்லும்போது பார்க்காதவள் என்ன சொல்ல முடியும், அவர் வாயை மூடிக்கொண்டார், மற்ற விஷயங்களில் மட்டும் சத்தமாகப் பேசினார்.

நினைவு நாளுக்குச் சில நாள் முன்பு அவர் கஜபதியின் கடைக்குப் போனார். சுவரெல்லாம் பல் வரிசை சிரித்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன அறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார், எதிரே இருந்த சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

"தம்பி, கீழ்ச்செட்டு கடிக்குது. அத்த அப்புறம் பாரு. தப்பா இருக்கிறத நீ விடமாட்டியாமே?"

"விட மனசு வர்றதில்லக்கா."

"அப்ப இத்த இன்னாத்துக்கு வுட்டு வெச்சிருக்கே? சக்கரத்துல தப்பு, பொட்டியில தப்புன்னு தேடிக்கினு கீறியே, முழு வண்டியே தப்புப்பா. எங்க வீட்டுக்காரரு ஓட்டினது சுடற வண்டி இல்ல. மாட்டிக்கினு நிக்கிற டாங்கிய இழுக்கிற வண்டி. ரெக்கவரின்னு சொல்வாரு."

கஜபதி பொம்மையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அது எப்படி இருக்கும், நீளம் என்ன, உயரம் என்ன என்று கேட்டார், அவரால் அப்படித்தான் கேட்க முடியும்.

"நீளம் உசரமெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? லீவுல வந்தப்ப மில்லுல மாவ பரப்பி வெரலால வரைஞ்சி காமிச்சாரு. வா, நானும் வரைஞ்சி காட்டறேன்."

மில்லில் அரைக்க வந்தவர்கள் டின்னோடு காத்திருந்தார்கள். சுலோசனா மோட்டாரை நிறுத்தினார், சிமெண்டுத் தரையில் சலித்த மாவைத் தூவி உள்ளங்கையால் சமமாக்கினார், முட்டி போட்டு உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் வரைந்தார். அதே சக்கரங்கள், அதே சங்கிலி, ஆனால் மேலே மண்டை இல்லை, குழல் இல்லை, தட்டையான முதுகு. முதுகில் ஒரு கப்பி. வயிற்றுக்குள் கம்பிவடம் சுற்றிய உருளை. பின்னால், மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுப்பதற்கு, ஏர்க்கொழு மாதிரி அகலமாக ஒரு தகடு. எப்போதோ புருஷன் வரைந்ததை அவர் தயங்காமல், அழிக்காமல், தினமும் வாசலில் போடுகிற கோலத்தைப் போடுகிற கையோடு போட்டு முடித்தார். டின்னோடு நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். கஜபதி அளவுநாடாவை எடுத்தார், மாவுக்கு மேல் நீட்டினார், மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"முன்னாடி ஒரு மூடி, அத்த தெறந்தா அவரு சீட்டு," என்றார் சுலோசனா. "ஓட்டறது பெரிசில்ல சுலோ, எறங்கிப் போயி கொக்கி மாட்டறதுதான் வேலன்னு சொன்னாரு."

கிட்டில் டிரைவர் பொம்மை ஒன்றும் இருந்தது, முகத்தை மெழுகில் செதுக்கி மாற்றலாம், போட்டோ இருந்தால் கொடுங்கள் என்று கஜபதி கேட்டார்.

"வேணாந்தம்பி. கல்யாண போட்டோவுல வெயிலுக்குக் கண்ண இடுக்கிக்கினு கீறாரு. மொகம் எனக்கே பாதி மறந்துபோச்சு. நீ ஒண்ணு செஞ்சி வெச்சா அப்புறம் அதுதான் நெனப்புல நிக்கும். சீட்டு காலியாவே இருக்கட்டும், மூடியத் தெறந்து வெச்சிடு. வடத்தையும் சுருட்டி வெக்காத, நீட்டி வுடு. அவரு கொக்கி மாட்ட எறங்கிக் கீறாரு."

இவ்வளவும் சுலோசனாவின் குரலில் சொல்லப்பட்டதால், மோட்டார் வேறு நின்றிருந்ததால், ஊர் முழுக்க அன்றே தெரிந்துவிட்டது. ஊர் கொதித்தது. எங்களுக்கு அந்த அம்மாள்மேல் விரோதம் ஒன்றுமில்லை, ஆனால் குழலில்லாத டாங்கியை வைத்துக்கொண்டு நாங்கள் பக்கத்து ஊர்க்காரன் முகத்தில் எப்படி விழிப்போம்? கயிறு இழுக்கிற வண்டிக்கா எங்கள் பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள்? புதுப்பெண்கள் எதைச் சுற்றினார்கள்? சர்க்கார் கொடுத்தது டாங்கி, கிரேன் இல்லை என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது.

ரிசால்தார் கனகசபை மறுநாள் காலை கஜபதியின் கடைக்குத் தானே நடந்து போனார். காபி வரவழைத்தார்கள், அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"கஜபதி, அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. எதுவோ சொல்லும். நீ கேட்டுக்காத."

"உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயசுதாங்களே ஐயா."

"ஊருக்குப் பீரங்கி வேணும்பா. கொக்கியயும் வடத்தையும் காட்டி எவன் புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்புவான்? நான் சொல்றேன், வுட்டுடு."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்கய்யா. தணிகாசலம் அண்ணன் ஓட்டினது எந்த வண்டி? சுடற வண்டின்னு நீங்க சொல்லிட்டா நான் கைய வெக்க மாட்டேன்."

ரிசால்தார் சுவரில் இருந்த பல் வரிசைகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாகப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். காபி அப்படியே இருந்தது. ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம், கஜபதி கேட்டிருப்பார், ஊர் கேட்டதைப் போல. ஒன்றும் சொல்லாமல் போனதால் கஜபதி பல் அறுக்கும் சின்னச் சக்கரத்தை மெஷினில் மாட்டினார், கதவைத் தாழ் போட்டார், அது உய்யென்று சத்தமிட்டுக்கொண்டு பொம்மையின் மண்டையை அறுத்த சத்தம் தெருவில் கேட்டது, கேட்ட எங்களுக்கெல்லாம் பல் கூசியது. இளைஞர் மன்றம் கதவைத் தட்டிப் பார்த்தது. அவர்களில் மூன்று பேருடைய அப்பாக்களுக்கு அங்கே செட்டு தயாராகிக்கொண்டிருந்தது, ஆகவே பலமாகத் தட்டவில்லை.

உள்ளே அவர் மண்டை இருந்த ஓட்டையைத் தட்டையாக மூடினார், மெழுகில் கப்பி செய்தார், அக்ரிலிக்கில் கொழு வார்த்தார், பல்லை இழுத்துக் கட்டுகிற மெல்லிய எவர்சில்வர் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார், அதன் நுனியில் கொசுவின் கால் அளவுக்கு ஒரு கொக்கி. அளவில்லாமல் அவர் வேலை செய்தது அதுதான் முதல் தடவை, ஒவ்வொன்றையும் ஒட்டும்போது இது சரியோ தப்போ என்று கேட்டுக்கொண்டே ஒட்டியதாகப் பிறகு சொன்னார். முன்மூடியைத் திறந்துவைத்தார், சீட்டைக் காலியாக விட்டார், வடத்தை உருளையிலிருந்து இழுத்து மேசைமேல் நேராக நீட்டிவிட்டார். கொக்கியை எதிலும் மாட்டவில்லை. மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

நினைவு நாளன்று விடிந்தபோது பசை காய்ந்திருந்தது. ஜங்ஷனில் மண்டை இல்லை, குழல் இல்லை. காக்கைகள் தாங்கள் உட்காருகிற குழலைத் தேடி அந்த உயரத்திலேயே வட்டமடித்தன, பிரிகேடியரை வரவேற்கக் கட்டிய தோரணத்தின் ஒரு முனை, கட்டியிருந்த குழல் போய்விட்டதால், தரையில் கிடந்தது. தட்டை முதுகோடு, பின்கொழுவை மேடையின் சிமெண்டுக்குள் ஆழமாக ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு நின்றது வண்டி. மொட்டை என்று ஒரு பையன் சொன்னான், யாரோ அழுதார்கள், கஜபதியின் பல்லையெல்லாம் உடைக்க வேண்டும் என்றார் ஒருவர், அவர் வாயிலிருந்தது கஜபதி கட்டிக்கொடுத்த பல். சுலோசனா மட்டும் மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று, மாவு படிந்த கையால் சங்கிலியைத் தடவி, திறந்த மூடிக்குள் எட்டிப் பார்த்தார். சரியா என்று கஜபதி கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

வடத்தைப் பார்த்தது முனிரத்தினம்தான், பெஞ்சைத் தூக்கி வந்த அவர் கால் அதில் இடறியதால். வண்டியின் வயிற்றிலிருந்து மணிக்கட்டுக் கனத்துக்குப் புறப்பட்ட இரும்புவடம், ரேஷன் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஆற்றங்கரைச் சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அதன் கூடவே நடந்தோம். கஜபதி மேசையில் நேராக நீட்டியதுதான் இது என்றார், ஆனால் இவ்வளவு தூரமா என்று அவரே கேட்டுக்கொண்டார். வடம் சாலையின் கோடியில் இருந்த ஒரு வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, போர்டிகோவில் ஏறி, அங்கே விழாவுக்காகக் கோட்டு போட்டு மெடல்கள் குத்தி உட்கார்ந்திருந்த ரிசால்தார் கனகசபையின் இரும்பு நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ.

இளைஞர் மன்றத்துப் பையன் ஒருவன் ஓடிப்போய்க் கொக்கியைக் கழற்றக் குனிந்தான்.

"தொடாதே," என்றார் ரிசால்தார். "அது சரியான எடத்துலதான் மாட்டிக் கீது."

பிறகு அவர் எங்களைப் பார்க்காமல், கூட்டத்தில் முன்னால் வந்து நின்ற சுலோசனாவையும் பார்க்காமல், கொக்கியைப் பார்த்துச் சொன்னார்:

"என் டாங்கிதான். சேத்துல எறக்கினது நானு. இந்தப் பக்கம் வேணாம், சுத்திப் போலாம்னு டிரைவர் சொன்னான், நான் கேக்கல. மண்டை வரைக்கும் சேறு, உள்ள நாலு பேரு. மேல குண்டு வுழுந்துகினே கீது. எவனும் வரமாட்டான்னு இருந்தோம். அப்ப தணிகாசலம் வண்டி வந்துச்சு. எறங்கி, இடுப்பளவு சேத்துல நடந்து வந்து கொக்கி மாட்டினான். கூட வந்தவன் உருளைய சுத்தினான். நாங்க நாலு பேரும் வெளிய வந்துட்டோம். சேத்துல நின்னு கை காட்டினவன் மட்டும் வர்ல. ஊருக்கு வந்து, சேத்துல எறக்கினவன் நான்னு எப்படிச் சொல்றது? அதான், அவன் பீரங்கி சுட்டான்னு சொன்னேன். பெருமையாத்தானே சொன்னேன்னு நெனச்சிக்கினேன்."

நாங்கள் சுலோசனாவைப் பார்த்தோம். கத்துவார் என்று நினைத்தோம், கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"கெட்டியா புடிச்சிக்கோண்ணே, ஒரு குலுக்கு குலுக்கும்னான்."

அவர் அதைச் சொல்லி முடிக்கவும் நாற்காலி ஒரு குலுக்குக் குலுங்கியது. வடம் விறைத்தது, ரிசால்தாரின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டன, நாற்காலி அவரோடு போர்டிகோவை விட்டு இறங்கி, முற்றத்தில் இரண்டு கோடு கிழித்து, கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்து, ஆள் நடக்கிற வேகத்தில் ஜங்ஷனை நோக்கிப் போகத் தொடங்கியது. இழுக்கிற வண்டியின் சீட்டில் யாரும் இல்லை, அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம், ஆகவே அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் கூடவே நடந்தோம். யாரோ முன்னால் ஓடி வழியில் இருந்த கற்களைப் பொறுக்கிப் போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேகத்தடை வந்தபோது நான்கு பேர் நாற்காலியைத் தூக்கித் தாண்டவைத்தார்கள். பிரிகேடியரின் ஜீப் பின்னால் வந்து சேர்ந்தது, முந்திப் போக வழியில்லை, அவர் இறங்கி வந்து இந்தியில் என்ன இது என்று கேட்டார், ரெக்கவரி சார் என்று ஒரு பழைய ஹவில்தார் சொன்னார், அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்களோடு நடந்தார்.

மேடைக்குக் கீழே வந்ததும் உருளை நின்றது, வடம் தளர்ந்து தரையில் படிந்தது. ரிசால்தார் எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார், கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது, கைகள் நாற்காலியைப் பிடித்த பிடியிலேயே இருந்தன. என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை, பிரிகேடியருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுலோசனா வந்தார், அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார், நாற்காலிக் கையை இறுகப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"போதும், வுடுங்க," என்றார். "கரை வந்துடுச்சு."